டின் மேல் பெயர், உள்ளே எண்ணெய்

(செகந்திராபாத்தில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆலிவ் எண்ணெய் பற்றிப் பேசு என்றார் செயலாளர். நல்லெண்ணெய் இருக்க இது எதற்கு என்று பெரியவர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் நம்மவர் அகங்களில் இத்தாலிய டின் ஏற்கெனவே வந்துவிட்டது. பிள்ளை வாங்கித் தந்தது, அல்லது டாக்டர் சொன்னது. வந்ததைத் தெரிந்துகொண்டு உபயோகிப்போம் என்பதே என் கட்சி.

டின்னில் ஒரு குடும்பப் பெயரைப் பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வருகிறது. இத்தாலியின் லூக்கா நகரில் 1865-ல் பெர்டோலி குடும்பம் தொடங்கிய எண்ணெய் வியாபாரம், 2008-ல் ஒரு ஸ்பெயின் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபிலிப்போ பெரியோ எண்ணெயைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்க 2014-ல் சீனாவின் பிரைட் ஃபுட் ஒப்பந்தம் செய்தது. நம் தேசத்தில் டால்மியா காண்டினென்டல் என்ற குடும்ப நிறுவனம் 'லியோனார்டோ' என்ற பெயரில் இறக்குமதி செய்து, இந்த எண்ணெயைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. 2014-ல் அந்தப் பெயரை அமெரிக்காவின் கார்கில் வாங்கிக்கொண்டது. இதில் குற்றம் ஒன்றுமில்லை, வியாபாரம் கைமாறும். ஆனால் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது சரியாகாது.

பார்க்க வேண்டியது ரகம். எக்ஸ்ட்ரா விர்ஜின் என்றால் ரசாயனம் சேர்க்காமல், அதிகம் சூடாக்காமல் பழத்திலிருந்து எடுத்தது. அதன் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 'ப்யூர்', 'லைட்' என்பவை சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் விர்ஜின் கலந்தவை. லைட் என்பது மணத்திலும் ருசியிலும்தான். கொழுப்பு எல்லா எண்ணெயிலும் ஒன்றுதான், கிராமுக்கு 9 கலோரி. போமஸ் என்பது பிழிந்த பின் மிஞ்சும் பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. அது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்ட்ரா விர்ஜினின் குணத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறேன்.

இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்வதற்கு ஸ்பெயினில் நடந்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு முக்கிய ஆதாரம். அதன் முறையில் குறை கண்டு திருத்தி, 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அங்கே எக்ஸ்ட்ரா விர்ஜினோடு காய்கறியும் பழமும் பருப்பு வகையும் நிறையச் சாப்பிட்டார்கள். வழக்கமான வடை, அப்பளத்துக்கு மேல் இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் குடித்தவர்களின் கதை அல்ல அது!

ஆகவே கோசுமல்லி, சுண்டல், வேகவைத்த காய் மேல் விட்டுக்கொள்ளுங்கள். மிளகாய்ப்பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும் நல்லெண்ணெயே இருக்கட்டும். சின்ன பாட்டிலாக வாங்கி, தேதி பார்த்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அடுப்பின் பக்கத்தில் வைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.

இன்னொரு விஷயம், நமக்கு மிக முக்கியம். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பெஸ்டோ என்ற பச்சைத் துவையலிலும் இந்தச் சீஸ் சேருவதுண்டு. சில பாஸ்டாவில் முட்டை உண்டு. இங்கே கடையில் வாங்கினால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கலாம். பிள்ளைகள் பெட்டியில் கொண்டுவருவதில் அந்தப் புள்ளி இருக்காது. ஆசாரமான பாட்டி, தாத்தா இருக்கும் அகத்தில், தட்டில் போடுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள்.

கடைசியாக, இறக்குமதியான டின்னில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைக் கவனியுங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், உணவுப் பாதுகாப்பு உரிம எண் அதில் இருக்க வேண்டும். எண்ணெய் கெட்டிருந்தால் இத்தாலிக்குக் கடிதம் போட முடியாது. பதில் சொல்ல வேண்டியவர் இந்தச் சீட்டில் உள்ளவர்தான். சீட்டு இல்லாத டின்னை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.