மாட்டுக்கறியும் மானமும்
(தாமிரபரணிக் கரை ஊரொன்றில் நடந்த சமபந்தி விருந்தில் பேசியது)



இன்னும் சற்று நேரத்தில் நாமெல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப்போகும் கறி, இன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் புகையில் ஏற்றப்பட்டதாகும். அதோ அந்த எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றி நிற்கும் வாலிபர்களின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து யாரும் வேறுவிதமாய் நினைத்துவிடாதீர்கள். அது பன்னிரண்டு மணி நேரப் புகையின் வேலை.

சமையல் சங்கதியை மேடையில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் கேட்கலாம். தோழர்களே, இந்த ஆற்றங்கரையில் சோற்றைப் பற்றிப் பேசாமல் சாதியைப் பற்றிப் பேச முடியுமா? 1922ல் வ.வே.சு. அய்யர் சேரன்மாதேவியில் ஆரம்பித்த குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு போட்டதுதானே 1925 வரை தமிழ்நாட்டையே கலக்கிற்று? அன்று கேட்டது “யாரோடு சாப்பிடுகிறாய்?” என்பது. இன்று அதை வெளிப்படையாய்க் கேட்க வெட்கப்படுகிறவர்கள் “என்ன சாப்பிடுகிறாய்?” என்று கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் இந்த ஒரு கேள்வியிலேயே ஆளின் தெரு, குலம் எல்லாம் கண்டுபிடித்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கேள்விதான் மாறியதே ஒழிய, கேட்கிற புத்தி மாறவில்லை.

என் சொந்தச் சங்கதி ஒன்று சொல்லுகிறேன். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே ஒரு கொடி கட்டியிருக்கும். மாட்டுக்கறியை நீளநீளமாய் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் நன்றாய்க் காயவைத்து, பிறகு அந்தக் கொடியில் என் தாயார் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகை பட்டுப் பட்டு அது கறுத்துப்போகும். மழைக்காலத்தில், கூலி வேலை இல்லாத நாளில், அதில் இரண்டு துண்டைச் சுட்டுத் தட்டிப் போட்டால் ஒரு சட்டிக் கஞ்சி இறங்கிவிடும். இதுதான் உப்புக்கண்டம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது என் தூக்குச்சட்டியைப் பார்த்து ஒரு பையன் “என்ன கறி?” என்று கேட்டான். “ஆட்டுக்கறி” என்றேன். சாமர்த்தியமாய்ப் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். தாயார் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. மறுநாள் முதல் என் தூக்கில் துவையல்தான் இருந்தது. நான் படித்து முடிக்கிறவரை அவர்கள் அதில் கறி வைக்கவேயில்லை.

தோழர்களே! அன்று என்னை யாரும் அடிக்கவில்லை, வையவுமில்லை. அப்படியிருக்க அந்தப் பொய்யை என் வாயில் வைத்தது யார்? தாய் ஊட்டிய உணவையே மகன் மறைக்கும்படி செய்ததே, அதுதான் சாதி. இன்று நான் இங்கே பேசுவது அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்காகத்தான்.

“மாடு புனிதம், ஆதியிலிருந்தே உண்ணாதது” என்கிறார்கள். அவர்கள் சாஸ்திரத்தையே கேட்போம். விருந்தாளிக்குப் பாணினி சொல்லும் பெயர்களில் ஒன்றுக்கு, எவனுக்காகப் பசு கொல்லப்படுகிறதோ அவன் என்று பொருள். சதபத பிராமணத்தில் யாக்ஞவல்கியர், கறி மிருதுவாயிருந்தால் தாம் தின்பதாகச் சொல்லுகிறார். அந்த ரிஷிக்கிருந்த கவலையெல்லாம் மிருது ஒன்றுதான்! மாட்டுக்கறி உண்டவர்களை ஒதுக்கியதிலிருந்தே தீண்டாமை பிறந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1948ல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு நேரான பதில் சொல்லாமல், 2022ல் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆட்சேபம் எழுந்தது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

இனிப் பீப்பாய்ச் சங்கதிக்கு வருகிறேன். நெஞ்சுக்கறி என்பது மாட்டின் உடம்புப் பாரத்தைத் தாங்கி உழைக்கிற பாகம். ஆகவே நார் அதிகம், விலை குறைவு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் ஜெர்மானிய, செக் நாட்டுக் குடியேறிகளின் கறிக்கடைகளில் கறியைப் புகையில் வேகவைத்து விற்றார்கள். கூலிக்காரர்கள் கடை வாசலிலேயே வாங்கித் தின்றார்கள். அங்கே மலிவான நெஞ்சுக்கறிதான் இன்று பணக்காரர்களும் வரிசையில் நின்று வாங்குகிற பண்டமாயிருக்கிறது. கேரளத்தில் இடியிறைச்சியை யாரும் ஒளித்து வைத்துத் தின்பதில்லை. நம் கொடிக்கறி மட்டும் ஏன் தலைகுனிய வேண்டும்?

மேலப்பாளையம் போன்ற இடங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி. 1958ஆம் வருஷத்துச் சட்டமே, உழைப்புக்கும் ஈனுவதற்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கச் சொல்லுகிறது. ஆகவே பொறுமை வேண்டும். மூன்று கிலோ நெஞ்சுக்கறியில் கொழுப்பை விரற்கடையளவு விட்டு, உப்பும் மிளகும் தடவி ஓர் இரவு வையுங்கள். பீப்பாயின் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் கறி. நடுவில் ஒரு சட்டித் தண்ணீர். நெருப்பு கறியைத் தொடக்கூடாது. சூடு 110 முதல் 120 டிகிரிக்குள் நிற்கவேண்டும். விறகுக்கு நம் சீமைக்கருவேலமே போதும். டெக்சாஸ்காரர்கள் எரிக்கும் மெஸ்கீட் மரம் அதற்குப் பங்காளிதான். ஆனால் அதன் புகை காரமானது. தணலான பிறகே கறியை வைக்கவேண்டும்.

கறிக்குள் சூடு எழுபது டிகிரிக்கு அருகில் வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். பயப்படவேண்டாம், எந்தத் தெய்வக் குற்றமுமில்லை. நீர் ஆவியாகிக் கறியைக் குளிரச் செய்கிறது, அவ்வளவே. அப்போது வாழையிலையில் இறுகச் சுற்றி மறுபடியும் வையுங்கள். நாரெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாய்க் கரைந்து பசையாகும். தொண்ணூற்றைந்து டிகிரியில் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரியுங்கள்.

தொட்டுக்கொள்ளும் குழம்புக்குச் சீமைப் புட்டி எதற்கு? ஒரு கிலோ தக்காளி, இருநூறு கிராம் கருப்பட்டி, எலுமிச்சையளவு புளி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு. கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பாதியாய் வற்றும்வரை கொதிக்கவிட்டு அரைத்தால் தீர்ந்தது.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, நம்முடையது என்பதற்காக எதையும் புனிதமாக்கிவிடக் கூடாது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு 2015ல் அறிவித்தது. ஆகவே இது விருந்துக்கு ஆகும், தினசரிக்கு ஆகாது. வேண்டாதவர் உண்ணவும் வேண்டாம்; அது அவரவர் நாக்கு.

மற்றொன்று, என் தாயார் எத்தனையோ வருஷம் அந்த அடுப்புப் புகையில் ஒருவரும் கேளாமல் கண் கலங்கினார்கள். இன்று ஒரே ஒரு நாள் நின்ற வாலிபர்களைப் பாராட்டுகிறோமே, நாளைக்கும் அவர்கள் வீட்டு அடுப்பண்டை நிற்கட்டும்.

இலை போட்டாயிற்று. உங்கள் பிள்ளைகள் நாளைப் பள்ளிக்கூடத்தில் “நேற்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கப்பட்டால், உள்ளதைச் சொல்லட்டும். அது ஒன்றே இந்த விருந்தின் பயன் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.