அட்டவணையில் இல்லாத முதுகுத்தண்டு

(தொழிற்சங்க சட்ட உதவிப் பணியில் ஈடுபட்டுள்ள தோழர்களிடையே ஆற்றிய உரை)



சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் சிதைந்த தொழிலாளியின் கட்டிலருகே முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆள்தான். கையில் கொஞ்சம் ரொக்கமும் ஒரு தாளும் இருக்கும். “கருணைத்தொகை பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அதில் எழுதியிருக்கும். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கிடப்பவரின் கட்டைவிரல் மையில் தோய்க்கப்படும்.

அந்தத் தாளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. உரிமையைத் துறக்கச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. உடன்பாடு எதுவாயினும் ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாதெனில் அவர் பதிவை மறுக்கலாம். இங்கே கருணைக்கு வேலையில்லை. கொடுபட வேண்டியது கடன்.

முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தது என்பதே போதும். “குடித்திருந்தார்”, “பாதுகாப்புப் பட்டை அணிய மறுத்தார்” என்ற வழக்கமான பல்லவிகள், மரணமோ நிரந்தர முழுத் திறனிழப்போ ஏற்பட்ட வழக்குகளில் 3ஆம் பிரிவின்படி எடுபடா. ஆகவே முழுத் திறனிழப்பா, பகுதித் திறனிழப்பா என்ற கேள்வியில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

சட்டத்தின் முதல் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். இரு கைகளை இழத்தல், பார்வையை இழத்தல், முற்றிலும் காது கேளாமை ஆகியவை முழுத் திறனிழப்பு. கட்டைவிரல் ஒன்று போனால் 30 விழுக்காடு. விரற்கணுவரை விலை குறித்திருக்கும் அந்த அட்டவணையில் முதுகுத்தண்டு இல்லை! வெட்டுண்ட உறுப்பை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, கையும் காலும் இருந்தும் அசையாத உடலை எண்ணத் தெரியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நுழைவது இந்த இடைவெளியில்தான். மருத்துவச் சான்றிதழில் 70 விழுக்காடு என்றிருந்தால், இழப்பீடும் 70 விழுக்காடே என்பார்.

அதற்கு விடை சட்டத்தின் சொற்பொருள் விளக்கத்திலேயே உள்ளது. விபத்தின்போது செய்ய இயன்ற எல்லா வேலைகளையும் செய்ய இயலாதவராக்கும் காயம் முழுத் திறனிழப்பே. திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் விழுந்து இடக்கையை இழந்தார். வலக்கை இருக்கிறதே என்றது எதிர்த்தரப்பு. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது. எனவே அது முழுத் திறனிழப்பு என்பதை 1975இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே கொடுபட வேண்டியது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. உடலின் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2010இல் ஒரு வாகன விபத்து வழக்கில் அந்நீதிமன்றம் மேலும் விரித்துரைத்தது. எனவே மருத்துவரிடம் விழுக்காட்டை மட்டும் எழுதி வாங்கி வருவது பாதி வேலை. இவர் இனிச் சாரம் ஏற முடியுமா, சுமை தூக்க முடியுமா, உதவியின்றி உட்கார முடியுமா என்பதையும் அவர் எழுத வேண்டும். விசாரணையில் சொல்லவும் வேண்டும்.

கணக்குக்கு வருவோம். பீகாரிலிருந்து வந்து குருகிராமில் கொத்து வேலை செய்த 30 வயதுத் தொழிலாளி ஒருவர் என வைத்துக்கொள்வோம். மாதக் கூலி 24,000 ரூபாய். 2020 ஜனவரி முதல் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் உச்சவரம்பு 15,000 மட்டுமே. அதில் 60 விழுக்காடு 9,000. முப்பது வயதுக்குரிய காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டி. தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடுவரை அபராதமும் உண்டு. மருத்துவச் செலவு தனி.

இதைக் கோர அவர் குருகிராமிலேயே கிடக்க வேண்டியதில்லை. தாம் குடியிருக்கும் பீகார் மாவட்டத்தின் ஆணையரிடமே 21ஆம் பிரிவின்படி மனு கொடுக்கலாம். காலவரம்பு இரண்டாண்டு. “எங்கள் ஆளில்லை, ஒப்பந்ததாரரின் ஆள்” என்று கட்டுமான நிறுவனம் கைகழுவ முடியாது. 12ஆம் பிரிவு முதன்மை முதலாளியையும் பொறுப்பாக்குகிறது. எழுத்துமூலம் அதிகாரம் பெற்ற பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியே ஆணையர் முன் தோன்றலாம் என்கிறது 24ஆம் பிரிவு. இந்தப் பிரிவு அதற்குரிய அளவுக்குப் பயன்படுத்தப்படவில்லை என்பதே உண்மை. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவருக்கு மட்டும் வழி வேறு. அங்கே மாதாந்தர உதவித்தொகை.

ஆனால் அந்தப் பதினெட்டு லட்சம் எதற்கு? இழந்த கூலியின் ஒரு பகுதிக்கு. தண்டுவடம் சிதைந்தவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்க்குழாய், தொற்று, மலம் அகற்றல் என்று ஆயுள் முழுதும் ஒருவர் உடனிருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. அவருடைய கூலியும் அன்றோடு நின்றுவிடுகிறது. சாலை விபத்தில் படுகாயமுற்ற ஒரு சிறுமிக்கு, இரு உதவியாளருக்கான வாழ்நாள் செலவை 2020இல் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டுக் கொடுத்தது. அதே காயம் சாரத்திலிருந்து விழுந்தவருக்கு நேர்ந்தால், இழப்பீட்டுச் சட்டத்தில் அதற்கென ஒரு வரி இல்லை. உரிமையியல் நீதிமன்றம் போகலாம். ஆனால் அங்கே முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், இந்தச் சட்டத்தின் வழியையும் கைவிட வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதன் ஏழாம் அத்தியாயத்துக்குள் சென்றுவிட்டது. அறுபது விழுக்காடும் வயதுக் காரணியும் அப்படியே குடிபெயர்ந்தன. உறுப்புகளின் அட்டவணையும் உடன் சென்றது. முதுகுத்தண்டு அங்கும் இல்லை. உடனிருந்து பராமரிப்பவரின் கூலியும் இல்லை.