ஒரு விளக்குக்கு 96 ஆடு

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் சுற்று மண்டபமான சீவேலிப்புரையைச் சுற்றி வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நிற்கும் கருங்கல் தூண்களில் விளக்கேந்திய பாவைகள். அந்த விளக்குகளுக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும், பழங்காலத்து வெளிச்சத்தின் கணக்கு முழுவதும் விளங்கிவிடும்.

இந்தக் கரையோரத்தில் தேங்காயெண்ணெய், புன்னையெண்ணெய். தமிழ்நாட்டுப் பக்கம் இலுப்பை, எள், ஆமணக்கு. வசதி உள்ள இடத்தில் நெய். இவற்றில் புன்னையெண்ணெய் சாப்பாட்டுக்கு ஆகாது, விளக்குக்குத்தான் போகும். மற்றவை பெரும்பாலும் அடுக்களைக்கும் வேண்டியவை. ஆகவே வீட்டில் அந்தி விளக்கு ஏற்றுவார்கள், வேலை முடிந்ததும் அமர்த்திவிடுவார்கள். இரவில் வழிநடக்கக் காய்ந்த தென்னோலையைக் கட்டிய சூட்டுதான் துணை. வீசிக்கொண்டே நடந்தால் கனன்று எரியும். கை ஓய்ந்தால் அதுவும் மங்கும்.

அப்படியானால் அணையாமல் எரியும் விளக்குக்கு என்ன விலை? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பதில் சொல்கின்றன. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி வளர்ந்து அதன் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறையக் கூடாது. இத்தகைய ஆடுகளைச் சோழர் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஒரு மந்தையே மேய்ந்தால்தான் ஒரு சுடர் நிற்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர் லட்சதீபத்தைப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 56 நாள் வேதம் ஓதும் முறைஜபம் முடியும் மகர சங்கராந்தி மாலையில், பத்மநாபசுவாமி கோயிலில் லட்சம் விளக்குகளை ஏற்றுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தொடங்கிவைத்த வழக்கம் இது. மாலைக்கு ஒரு விளக்காக ஏற்றினால், ஒரு லட்சம் ஏற்றி முடிக்க 273 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தனையையும் ஒரே மாலையில் ஏற்றிக் காட்ட வல்லவன் அரசன் என்பதை, இருட்டில் வாழ்ந்த குடிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1929-இல் இந்த நகரத்துக்கு மின்சாரம் வந்தது. கம்பி எட்டிய வீடுகளில் இரவு வெளிச்சத்துக்கென்று அடுக்களை எண்ணெயில் பங்கு வைக்கும் தேவை தீர்ந்தது. அங்கெல்லாம் விளக்கேற்றுவது செலவுக் கணக்கிலிருந்து விடுபட்டு, பக்திக்கு மட்டும் உரியதாயிற்று.