தாத்தா காலத்து இரட்டைக்குழல்: பணம் கொடுக்கும் முன் இரண்டு இடத்தில் படியுங்கள்

(துப்பாக்கி உரிமதாரர்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஆட்சியர் அலுவலக ஆயுத உரிமப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பணியில் இருந்தபோது ஒருநாள் ஓர் இளைஞர் வந்தார். "சார், இந்த போட்டோவைக் கொஞ்சம் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். அருகருகே இரண்டு குழல்கள் உள்ள பழைய துப்பாக்கி. இரும்பில் பூ வேலைப்பாடு, பளபளக்கும் வால்நட் கட்டை. "இங்கிலாந்துல செஞ்சது சார். ஒரு எஸ்டேட் வீட்டுப் பரண்ல இருந்ததாம். நூறு வருஷத்துக்கு மேல ஆனதால லைசென்ஸ் வேண்டாம்னு சொல்றாங்க. முன்பணம் குடுத்துட்டேன்" என்றார்.

"துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். "அவங்க வீட்லதான் சார்." அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அதை அவர் தன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றிருந்தால், அன்று பேச வேண்டிய பேச்சே வேறு.

இந்த மாதிரித் துப்பாக்கிகள் நம் ஊரில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பர்மிங்காமிலும் லண்டனிலும் செய்த இரட்டைக்குழல்கள் ஜமீன்தார்கள், தோட்ட அதிபர்கள், அதிகாரிகள் வழியாக இங்கு வந்து சேர்ந்தன. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், வெப்ளி அண்ட் ஸ்காட், ஹாலந்து அண்ட் ஹாலந்து போன்ற பெயர்களைப் பழைய உரிமப் புத்தகங்களில் பார்க்கலாம். சிலவற்றில் குழலின் மேல் பட்டையில் சென்னை, கல்கத்தா கடைகளின் பெயர் இருக்கும். அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்தான், செய்தவரின் பெயர் அல்ல. இன்று வெளிநாட்டிலிருந்து தனிநபர் துப்பாக்கி வரவழைப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் ஏற்கெனவே இங்கு இருப்பவையே கைமாறுகின்றன, விலையும் ஏறுகிறது.

இவற்றை வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பணம் கொடுக்கும் முன் இரண்டு இடத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒன்று காகிதம், இன்னொன்று இரும்பு. காகிதத்தைப் படிக்காவிட்டால் சிறை. இரும்பைப் படிக்காவிட்டால் கை போய்விடும்.

காகிதத்தில் என்ன பார்ப்பது?

முதலில் அந்த "நூறு வருஷம்" கதைக்கு வருவோம். ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 45-இல் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது வயதை மட்டும் பார்த்துத் தரும் விலக்கு அல்ல. பழமையான ஆயுதமாக இருந்தாலும், பழுதானதாக இருந்தாலும், அதைப் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு. பரணில் கிடந்த துப்பாக்கியில் துருவைத் துடைத்து, ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்றால், அதற்கு உரிமம் கட்டாயம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டுக்குக் குறையாத, 5 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆகவே முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. விண்ணப்பிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் ஆட்சியரிடமும், ஆணையரகம் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கான தேசிய இணையதளம் என்.டி.ஏ.எல்.-ஏ.எல்.ஐ.எஸ். என்பது, அதைச் செல்போனிலேயே திறக்கலாம். மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, காவல்துறை விசாரணை எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள். "வேட்டைக்கு" என்று மனதில் வைத்து யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதற்கு இடம் தராது.

இப்போது விற்பவரின் காகிதத்துக்கு வாருங்கள். அவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா? அதில் தனித்துவ அடையாள எண் இருக்கிறதா? அதில் எழுதியுள்ள துப்பாக்கி எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா? குழல், பூட்டுப் பகுதி, முன்கட்டை இரும்பு மூன்றிலும் எண்ணைப் பாருங்கள். ஓர் எண்கூட மாறியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உரிமதாரர் ஒருவர் இன்னோர் உரிமதாரருக்கு நேரடியாக விற்கலாம். ஆனால் விற்கப் போவதையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு 45 நாள் முடிந்தால்தான் கைமாற்றலாம். "இன்னிக்கே எடுத்துக்கோங்க" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே ஓர் எச்சரிக்கை.

உரிமதாரர் இறந்துவிட்டாரா? அப்படியென்றால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. குடும்பத்தார் தாமதம் செய்யாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் சொத்து போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. வாரிசு ஒருவர் உரிமம் பெற்று அதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றித் தர ஆயுத விதிகள், 2016 வழி செய்கின்றன. வீட்டில் பெரியவர் பெயரில் துப்பாக்கி இருந்தால் இன்று இரவே இதைப் பேசி முடிவெடுங்கள்.

இரும்பில் என்ன பார்ப்பது?

காகிதம் சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. இந்தப் பகுதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வயதான ஒரு துப்பாக்கி மெக்கானிக். "சார், எல்லாரும் மேல இருக்குற பூவைப் பாக்குறாங்க. கழட்டி அடியில பாக்க மாட்டேங்குறாங்க" என்பார்.

தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, வியாபாரியைக் கொண்டு குழல்களைக் கழற்றச் சொல்லுங்கள். பின்முனையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அங்கே சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். உங்கள் செல்போன் கேமராவைப் பெரிதாக்கி எடுத்தால் நன்றாகவே தெரியும். பிரிட்டனில் துப்பாக்கிகளை விற்கும் முன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை இடுவார்கள். அந்த முத்திரைதான் துப்பாக்கியின் ஜாதகம்.

முதல் கேள்வி: எந்த மருந்துக்குச் சோதித்தது? 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா நைட்ரோ மருந்து. அது அழுத்தம் தரும் விதமே வேறு. "நைட்ரோ புரூஃப்" என்ற சொற்களோ, என்.பி., பி.என்.பி. என்ற எழுத்துகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். "நாட் ஃபார் பால்" என்று இருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட முத்திரை, கருமருந்துக் காலம். குழலில் சேலைக் கரை போல வரிவரியாக அலை தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டைகளைச் சுற்றி அடித்து இணைத்தது. பார்க்க மிக அழகு. ஆனால் நைட்ரோ முத்திரை இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

இரண்டாவது கேள்வி: தோட்டா அறையின் நீளம் என்ன? பழைய பிரிட்டிஷ் 12 போர் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கானது. இன்று 70 மி.மீ. தோட்டா பரவலாகக் கிடைக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் குட்டை அறையிலும் அது அழகாகப் போய் உட்காரும். "உள்ள போயிடுச்சே, அப்ப சரிதானே" என்று நினைப்போம். விசையை அழுத்தும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். பெட்டியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும். 1925-க்குப் பிந்தைய முத்திரைகளில் அறை நீளம் அங்குலத்தில் பொறித்திருக்கும்.

மூன்றாவது கேள்வி: இன்றைய நிலை என்ன? முத்திரை அன்றைய உடல்நிலையைச் சொல்லும், இன்றையதை அல்ல. பல ஆண்டு துரு, தேய்ப்பு, மெருகு எல்லாம் குழல் சுவரை மெலிய வைத்திருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். 12 போரில் 20 தவு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் விலகிக்கொள்வது நல்லது. குழல்களைத் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். கரகரவென்று வந்தால் நடுப்பட்டை விட்டிருக்கலாம். மூடிய பிறகு குழலுக்கும் பூட்டுப் பகுதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலும், ஆட்டம் இருந்தாலும் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். பிரிட்டனில் குழல் சோதனை அளவை மீறித் தேய்ந்துவிட்டால், மறுசோதனை இல்லாமல் விற்பதே குற்றம். இங்கே அந்தச் சோதனையை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

செல்போனை எதற்குப் பயன்படுத்துவது?

எண்ணையும் முத்திரையையும் படம் எடுக்க, விண்ணப்ப நிலையைப் பார்க்க, ரசீதைச் சேமிக்கப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் துப்பாக்கி பேரம் பேச வேண்டாம். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். வாங்கிய பிறகு அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பம் துப்பாக்கியை வியாபாரியிடம் ஒப்படைத்தது. இவர் முறையாக விண்ணப்பித்து, நீண்ட காத்திருப்புக்குப் பிறகு உரிமம் பெற்றார். ஆசையோடு அதே துப்பாக்கியைப் பார்க்கப் போனார். மெக்கானிக் குழலைக் கழற்றிக் காட்டினார். நைட்ரோ முத்திரை இல்லை. உள்ளே ஒரு பக்கம் துரு குழி பறித்திருந்தது. "இதை வாங்கியிருந்தா முதல் தோட்டாவுலயே என் இடது கை போயிருக்கும் சார்" என்று எனக்கு போன் செய்தார். பிறகு காகிதமும் இரும்பும் பொருந்திய வேறொன்றை வாங்கினார். அது அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். இன்றே அதன் உரிமத்தை எடுத்து, காலாவதித் தேதியைப் பாருங்கள்.