செல்லுக்குள் ஒரு சாரம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



செல்லின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். பொருள்கள் மிதக்கும் ஒரு பை என்றே அது மாணவர் மனத்தில் பதிகிறது. அடுத்த பாடத்தில், வெள்ளையணு கிருமியைத் தேடிச் சென்று விழுங்கும் என்கிறோம். பை எப்படி நகரும்? எப்படி விழுங்கும்?

ஆக்டின் என்ற புரதம்தான் விடை. ஆக்டின் மணிகள் கோத்து இழைகளாகின்றன. இழைகள் கிளைத்து வளர்ந்து செல்லின் விளிம்பை முன்னே தள்ளுகின்றன. வேலை முடிந்ததும் பிரிந்துவிடுகின்றன. கட்டடத்துக்குக் கட்டி அவிழ்க்கும் சாரம் போன்றது இது.

சாரத்தை எங்கே, எப்போது கட்டுவது என்று சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். இரத்தச் செல்களில் அந்த வேலையைச் செய்யும் புரதங்களுள் ஒன்று வாஸ்ப். செல்லுக்குச் செய்தி வந்ததும் இது ஆர்ப்-2/3 என்ற புரதத் தொகுதியைத் தூண்டுகிறது. பழைய இழையின் பக்கத்தில் புதுக் கிளை தொடங்குகிறது.

இந்த மேஸ்திரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1937-இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரட் விஸ்காட், ஒரே குடும்பத்தின் மூன்று சிறுவர்களைப் பற்றி எழுதினார். இரத்தக்கசிவு, கரப்பான், அடிக்கடி காதுத் தொற்று. அவர்களின் சகோதரிகள் நலமாக இருந்தனர். 1954-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆல்ட்ரிச், இந்நோய் எக்ஸ் குரோமோசோம் வழியே ஆண் பிள்ளைகளுக்கு வருவதைக் காட்டினார். காரணமான மரபணு 1994-இல் கண்டறியப்பட்டது. வாஸ்ப் புரதத்தை உருவாக்கும் மரபணுவே அது. அது பழுதானால் வெள்ளையணுக்கள் தொற்று உள்ள இடத்துக்குச் சரியாக நகர்வதில்லை. டி செல்கள் மற்ற செல்களோடு உறுதியாக ஒட்டிச் செயல்பட முடிவதில்லை. இரத்தத் தட்டுகள் சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைகின்றன.

மரபியல் பாடத்தில் ஹீமோஃபிலியா, நிறக்குருடு ஆகியவற்றோடு இதையும் சொல்லிப் பாருங்கள். செல், இரத்தம், மரபு ஆகிய மூன்று பாடங்களும் ஒரே நூலில் கோக்கப்படும்.

இது மிக அரிய நோய். ஆனாலும், அடிபடாமலே உடலில் நீலத் தழும்பு, ஈறில் இரத்தம், ஓயாமல் காதில் சீழ் என்று ஒரு மாணவன் அடிக்கடி விடுப்பு எடுத்தால், அவனைக் கண்டிப்பதற்கு முன் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். மருத்துவரிடம் காட்டி, இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மரபணுவைச் சுமக்கும் தாய் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அவரைக் குறை சொல்லும் பேச்சுக்கு இடம் தராதீர்கள். இந்நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1968 முதல் செய்யப்படுகிறது. சிறு வயதிலேயே செய்தால் பலன் அதிகம். அதனால்தான் நாம் காலத்தில் கவனிப்பது முக்கியம்.