மறதி நோயும் நரம்புக்கு உரமும்

நம் செண்டாயான் லயங்களில் பெரியவர் வீட்டு வழியை மறந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது அல்சைமர் நோயாகவும் இருக்கலாம்.

நரம்பணுக்களைப் பேணும் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி 1986-இல் நோபல் பரிசு பெற்றார். அதன் மரபணுவை 2001 முதல் சான் டியேகோவில் நோயாளிகளின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தனர். பின்னர் 49 பேரிடம் நடந்த சோதனையில் பலனில்லை என்று 2018-இல் வெளியாயிற்று. இறந்தோர் மூளையை ஆராய்ந்தால், மருந்து உரிய அணுக்களை எட்டவே இல்லை! உரத்தை வேருக்கு எட்டாத இடத்தில் கொட்டினால் பால் மரத்துக்கு என்ன பயன்?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை விக்கினேஸ்வரி சபாரத்தினம் குழுவினர், சிங்கப்பிடரிக் காளானின் சாறு எலியின் நசுங்கிய கால் நரம்பு மீள உதவியதை 2011-இல் எழுதினர். எலிக்கால் வேறு, மனித மூளை வேறு. காளான் மாத்திரைக்குப் பணம் கட்டுமுன் பெரியவரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றால் வரும் மறதிக்கு மருந்து உண்டு.