சிலம்பும் வெண்திரையும்



திரைப்படம் என்றாலே முகஞ்சுளிக்கும் தமிழன்பர் பலர் உளர். அவர்தம் சினம் பொருளற்றதன்று. ஆயினும் ஒன்று கேட்கவேண்டும். கண்ணகி என்றவுடன் எழுத்தறியா உழவன் கண்முன் விரிகின்றதே ஓர் உருவம், ஒற்றைச் சிலம்பேந்தி அரசவையில் முழங்கும் உருவம், அஃது அவனுக்கு ஏட்டிலிருந்தா கிட்டியது?

சிலப்பதிகாரம் முழுமையையும் உ.வே. சாமிநாதர் 1892இல் அச்சேற்றினார். அடுத்த ஐம்பதாண்டில் அதைக் கற்றோர் சிலரே. மற்றையோர்க்குக் கூத்தும் நாடக மேடையும் காட்டிய கோவலன் கதையே சிலம்பு. நாட்டுப்புறக் கதையிலோ மாதவி பொருள் கவரும் கணிகை. இளங்கோவடிகள் படைத்த மாதவி அங்கில்லை.

1942இல் 'கண்ணகி' திரைக்கு வந்தது. இளங்கோவன் எழுதிய உரையாடல் கொட்டகைகளில் செந்தமிழை ஒலிக்கச் செய்தது. அதை முழங்கிய கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு! தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நடிகர் சிலர் இன்று தமிழைக் கடித்துத் துப்புவதைக் கேட்போர்க்கு இச்செய்தி உறைக்கும். பின்னர் 1964இல் கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்தில் 'பூம்புகார்' வந்தது. கவுந்தியடிகளாகக் கே.பி. சுந்தராம்பாள் தோன்றினார். இவ்விரு படங்களும் தமிழுக்குச் செய்த நன்மையை மறுப்பது நன்றி கொல்லலாகும்.

ஆனால், பார்த்தவர் நெஞ்சில் தங்குவது எது? வழக்குரை காதைதான். அது வியப்பன்று. வினா, விடை, முத்தா மாணிக்கமா என்னும் சான்று, சிலம்பு உடைதல், மன்னன் வீழ்தல் என அக்காதையே ஒரு நாடகம். படம்பிடி கருவி அதன்முன் நின்றாலே போதும்.

கானல்வரியின்முன் அக்கருவி என்செய்யும்? அங்கே சண்டையில்லை, சூழ்ச்சியில்லை. கடற்கரையில் இருவர் யாழ்மீட்டிப் பாடுகின்றனர். கோவலன் பாட்டில் வேறொருத்தியின் நிழலைக் காண்கின்றாள் மாதவி. அவளும் வேறொருவன்மேல் மனம் வைத்தவள்போல் பாடுகின்றாள். பாட்டின் பொருளைப் பிறழக்கொண்டு எழுந்து போகின்றான் அவன். ஒரு பேரிலக்கியத்தின் பிரிவு முழுதும், பாட்டைத் தவறாகப் பொருள்கொண்டதனால் நேர்கின்றது! இதைக் கண்ணுக்குக் காட்ட முனைவோர்க்கு வெறும் முகக்குறிப்பு போதாது. வேறு வலுவான நிகழ்ச்சி தேவைப்படும். அந்நிகழ்ச்சி புகுந்த நொடியே மாதவி மாறிவிடுகின்றாள்.

இன்னும் நுட்பமானது புறஞ்சேரி இறுத்த காதை. கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைக் கோவலன் காட்டுவழியில் படிக்கின்றான். முன்னர் வசந்தமாலை கொணர்ந்த முடங்கலை வாங்க மறுத்தவனே அவன். இப்பொழுது, அவள் தீதிலள், தவறு தன்னதே என்றுணர்கின்றான். அதோடு அமையவில்லை, அச்சொற்களே தன் பெற்றோர்க்குத் தான் எழுதவேண்டிய ஓலைக்கும் பொருந்துவதைக் கண்டு, அவ்வோலையையே அவர்களிடம் சேர்க்கச் சொல்கின்றான். கடற்கரையில் பாட்டைத் தவறாகக் கேட்டவன் காட்டில் ஓலையைச் சரியாகப் படிக்கின்றான். அதற்குள் மதுரை அண்மையில் வந்துவிட்டது.

படம் பார்த்து நெஞ்சு கனல எழுந்துவரும் இளைஞனிடம் நூலைக் கொடுப்பவர் வழக்குரை காதையை விரித்து நீட்ட வேண்டா. அஃது அவன் செவியில் முன்னரே ஒலிக்கின்றது. இந்த ஓலை வரும் பக்கத்தை விரித்துக் கொடுக்கட்டும்.